வேதமுத்து அண்ணாச்சியின் ஐந்தாம் தாள்

“சார், அப்பா எந்திரிக்கல.”

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் வந்த செய்தி இவ்வளவுதான். பேசியது வேதமுத்து அண்ணாச்சியின் மகன் ஜெபராஜ். முகம் கழுவக் குழாயைத் திறந்து வைத்திருந்த எனக்கு, அந்தச் சொற்கள் உடனே பிடிபடவில்லை. எந்திரிக்கவில்லை என்றால் எழுப்ப வேண்டியதுதானே, இதற்கு என்னை ஏன் கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பத்தைந்து வருடம் முதல் வண்டிக்காக நாலு மணிக்கு எழுந்து பழகியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்கு விழித்து, போவதற்கு வண்டி இல்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் எழுப்பியதில்லை. எழுப்புவது அவருடைய வேலை.

ஜெபராஜ் மறுபடியும் அதையே சொன்னான். இந்த முறை புரிந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது; அதை மூட வேண்டும் என்று எனக்கு வெகுநேரம் தோன்றவில்லை.

அண்ணாச்சியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். சிவகிரியில் புறப்பட்டு, ராயகிரி, சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போகும் பேருந்தில் அவர் நடத்துனராக இருந்தார். நான் பனவடலிசத்திரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். சங்கரன்கோவிலில் ஏறி, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்த உடனே தூங்கிவிடுவேன். காற்றில் கரிசல் மண்ணின் வெக்கை வரும். எந்நேரமும் பாதிக் கனவுதான். கனவிலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து, வருகைப் பதிவு எடுத்து, பாடமும் தொடங்கியிருப்பேன். அப்போது முன் இருக்கைக் கம்பியில் இரண்டு தட்டு விழும்.

“சார், பள்ளிக்கூடம் வந்தாச்சு.”

பதினோரு வருடத்தில் ஒருநாள் கூட அவர் என்னைத் தாண்டிக் கொண்டுபோனதில்லை. அத்தனை கூட்டத்திலும் எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“டிக்கெட் கிழிக்கது என்ன பெரிய வேலையா சார்? ஏறுனவன் எறங்கணும். நிக்கவன் ஏறணும். அதப் பாக்கத்தான் கண்டக்டரு” என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று, வெகுநாள் கழித்து ஒரே இடத்தில் மறுபடி சேர்ந்தோம். சங்கரன்கோவிலில், ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேலே, வாடகை மாடியில், பதிமூன்று குடும்பங்களோடு தொடங்கிய எங்கள் சிறிய கிறிஸ்தவ சபை அது. போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் சிவகிரியிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் மதியம் மூன்று மணிக்கு நாங்களே கூடி வேதம் வாசிப்போம். ஞாயிற்றுக்கிழமை கீழே தறி ஓடாது. வாரம் முழுவதும் அந்த இரைச்சலில் அதிர்ந்த கட்டடம் அன்றைக்கு மட்டும் மூச்சை இழுத்து விட்டது போல் இருக்கும். சாப்பிட்டு வந்த கிறக்கம், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, பூ மார்க்கெட் பக்கமிருந்து மிதந்து வரும் பிச்சி வாசம். பாதிப் பேர் கண்ணை மூடித்தான் கேட்போம். “கண்ண மூடிக் கேட்டா தப்பில்ல. எறங்குற இடத்துல நான் எழுப்புதேன்” என்பார் அண்ணாச்சி.

முதல் வருடம் எதைப் படிப்பது என்ற பேச்சு வந்தபோது அவர்தான் வேதாகமத்திலுள்ள ஒரு நிருபத்தை, அதாவது கடிதத்தை, சொன்னார். தெசலோனிக்கே என்ற கிரேக்கத் துறைமுகப் பட்டணத்தில் அப்போதுதான் முளைத்திருந்த ஒரு சபைக்கு, அதைத் தொடங்கிய பவுல், கூட இருந்த இருவர் பெயரையும் சேர்த்து எழுதிய முதல் நிருபம். அவர் அந்த ஊரில் தங்கியது கொஞ்ச காலம்தான். கலவரம் வந்து, அவசரமாக வெளியேற நேர்ந்தது. விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் என்ன ஆனார்களோ என்ற தவிப்பில் எழுதியது அது.

“நம்ம சபை மாதிரியேதான் சார். டிரைவர் எறங்கிப் போயிட்டாரு. வண்டிக்குள்ள இருக்கவுக முழிச்சிக்கிட்டு இருக்காவ” என்றார்.

அதை எப்படிப் படிப்பது என்பதிலும் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. கடிதத்தை அதிகாரம், வசனம் என்று துண்டு போடக் கூடாது. அந்தக் காலத்தில் எழுதியவர் எண் போட்டா எழுதினார்? அதனால் அண்ணாச்சி நிருபம் முழுவதையும் வசன எண் இல்லாமல், நீளத் தாளில், தம் கையால் எழுதினார். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, சபையில் ஒரு குடும்பத்தின் முகவரி எழுதித் தபாலில் சேர்த்தார். அவர் வீட்டிலிருந்து மாடிக்கு நடந்து வர ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் கடிதம் என்றால் அது வந்து சேர வேண்டும் என்பார். யார் பெயருக்கு வருகிறதோ அவர்கள் அதை உடைக்காமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து, எல்லார் முன்பாகவும் பிரித்து, நின்று வாசிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்தாறு வாரம் அதைத்தான் பேசுவோம். வருடா வருடம், ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து ஊர் பழையபடி ஆன அடுத்த வாரம், கடிதம் வரும். வேறொரு குடும்பத்துக்கு, ஆனால் அதே கடிதம்.

நான் வரைபடம் போட்டுப் பாடம் நடத்திப் பழகியவன். முதல் ஞாயிறன்று கிரேக்க நாட்டு வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டினேன். யாருக்கும் அது ஒட்டவில்லை. அண்ணாச்சி எழுந்து போய் அதன் மேல் விரல் வைத்தார். “பவுல் இப்பம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நிக்காருன்னு வச்சிக்கிடுங்க. இங்கன வர முடியல, என்னமோ தடங்கல். கூட இருந்த தீமோத்தேயுவ பஸ் ஏத்தி விடுதாரு. ‘ஏலே, சங்கரன்கோயில்ல எறங்கி, அந்தப் புள்ளைக நல்லாருக்கான்னு பாத்துட்டு வாலே’ன்னு. அந்தப் பய திரும்பி வாரது வரைக்கும் மனுசன் பஸ் ஸ்டாண்டுலயே நிக்காரு.” அந்த ஒரு நிமிடத்தில் தெசலோனிக்கே எங்கள் ஊராகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நிருபத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் காணும் தெசலோனிக்கேயில் தறிச் சத்தம் கேட்கும். துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பேருந்து நிலையம் இருக்கும். உதாரணம் சொல்லியே முப்பது வருடம் பிழைத்தவன் நான். அன்று மாட்டிய வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

நிருபத்தின் முடிவில், எல்லாரையும் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்தும்படி ஒரு சொல் வரும். அது வந்ததும் பெண்கள் பக்கம் சிரிப்பு எழும். “அது அந்த ஊரு வழக்கம். நம்ம ஊர்ல டீ” என்று அண்ணாச்சி முடிப்பார். அடுத்த நிமிடம் தெருமுனைக் காதர் பாய் கடையிலிருந்து பிளாஸ்கில் டீ வந்துவிடும்.

காதர் பாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கடையநல்லூர்க்காரர். பகலில் வீடு பூட்டியிருந்தால் எங்கள் தெருத் தபால்களை அவர் கடையில் கொடுத்துவிட்டுப் போவது தபால்காரரின் பழக்கம். மூன்றாம் வருடம் கடிதம் போட்ட நாள் கோடை மழை போல ஒரு மழை பெய்து, உறையின் மேலிருந்த பெயர் அழிந்துவிட்டது. யாருக்கு வந்தது என்று தெரிந்துகொள்ளப் பாய் அதைப் பிரித்தார். தெரியவில்லை. முழுதும் படித்தார். அப்போதும் தெரியவில்லை. ஞாயிறு மதியம், தாள்களைப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, இது உங்க ஆளுகளுக்கு வந்ததுதான்னு நெனைக்கேன். மூணு பேரு சேந்து எழுதியிருக்காவ. ரொம்பப் பிரியமா எழுதியிருக்காவ, ஒரு தாய் புள்ளைக்கு எழுதுன மாதிரி. நேர்ல வரணும்னு கெடந்து துடிக்காவ. ஆனா ஊரு பேரு போடல பாருங்க. பதில் எங்கன போட?”

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து போய்ப் பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நாப்பது அம்பது வருசமா இத வேதத்துல கேக்கோம் பாய். பதில் போடணும்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் தோணலியே” என்றார்.

பாய்க்கு அது காதில் ஏறவில்லை. அவர் வேறு கவலையில் இருந்தார். “ஒரு தப்பு நடந்து போச்சு அண்ணாச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் போட்டிருக்கு. அதுக்கப்புறம் ஆறு. அஞ்சு என் கடையிலதான் எங்கயோ விழுந்து போச்சு. பெஞ்ச எல்லாம் தூக்கிப் பாத்துட்டேன். அல்லா மேல ஆணையா வேணும்னு செய்யல.”

அண்ணாச்சியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். “நீங்க தொலைக்கல பாய்” என்றார் மெதுவாக. “நான் எழுதல.”

விடைத்தாள் கட்டுகளை எண்ணியே கண் கெட்டவன் நான். அதுவரை இது என் கண்ணில் படாமல் போனதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். வாசிப்பவர் நாலாம் தாளை வைத்துவிட்டு ஆறாம் தாளை எடுப்பார். நாங்கள் கண்ணை மூடியிருப்போம். வண்டி ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். அன்று மாலை வீட்டில் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். விடுபட்டிருந்தது, மரித்தவர்களைப் பற்றிய பகுதி. அந்தப் புதுச் சபையில் சிலர் இறந்துபோகிறார்கள். ஆண்டவர் திரும்ப வரும்போது இவர்கள் இருக்க மாட்டார்களே, தவறிப்போனவர்கள் தவறிப்போனவர்கள்தானா என்று மற்றவர்கள் கலங்குகிறார்கள். பவுல் அவர்களை இறந்தவர்கள் என்று சொல்வதில்லை, உறங்குகிறவர்கள் என்கிறார். உயிரோடு இருக்கிற நாம் அவர்களை முந்திக்கொண்டு போய்விட மாட்டோம், முதலில் எழுவது அவர்கள்தான், பிறகு எல்லாரும் ஒன்றாகச் சேர்வோம் என்று தேற்றுகிறார். சபைக்குப் பெரிய ஆறுதல் அந்தப் பகுதிதான். ஏன் விட்டார் என்று நான் கேட்டபோது, “அது பின்னால வரும் சார்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நாலாம் வருடமும் வரவில்லை. ஐந்தாம் வருடமும் வரவில்லை.

போன வருடம், கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், எங்கள் சபையில் முதல் மரணம் நேர்ந்தது. கீழே தறி ஓட்டும் செல்லக்கனியின் கணவர் மாடசாமி. கூட்டத்துக்குக் கடைசியாக வந்து, கதவோரம் உட்கார்ந்து, முதலில் எழுந்து போகிறவர். நெஞ்சு வலி என்று சொன்னவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டார்.

அந்த வருடக் கடிதம் என் பெயருக்கு வந்திருந்தது. நான் நின்று வாசித்தேன். நாலாம் தாள் முடிந்தது. அடுத்த தாளை எடுத்தேன். முன்வரிசையில் இருந்த செல்லக்கனி கையை நீட்டி அதைத் தடுத்தாள்.

“சார், இது ஆறு. அஞ்சு எங்க?”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“அடக்கத்தன்னைக்குப் போதகர் ஐயா இந்தக் கடுதாசியில இருந்துதான் வாசிச்சாவ” என்றாள் அவள். “உறங்குறவுகன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் காதுல விழல. இன்னைக்குக் கேப்போம்னுதான் வேலை அலுப்போட வந்திருக்கேன். அந்தப் பக்கம் எங்க அண்ணாச்சி?”

அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். மாடிப்படியில் பாதி இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் செல்லக்கனியும் பின்னால் போனோம். அவர் சட்டைப்பையிலிருந்து சிறிய வேதாகமத்தை எடுத்தார். அதற்குள் ஒரு பழைய பேருந்து டிக்கெட் இருந்தது. கட்டிலிருந்து கிழித்துத் தரும் அந்தக் காலத்து மெல்லிய தாள்; எழுத்தெல்லாம் மங்கி, தொட்டால் பொடிந்துவிடும் போலிருந்தது.

“இது எஸ்தருக்குக் கிழிச்ச டிக்கெட்டு” என்றார்.

எஸ்தர் அம்மா அவருடைய மனைவி. அப்போது குடும்பம் ராயகிரியில் இருந்தது. தலைசுற்றலுக்கு வைத்தியம் பார்க்கச் சங்கரன்கோவில் வர வேண்டியிருந்தது. கணவர் வண்டியிலேயே வருவதாக ஏற்பாடு. கண்டக்டர் பெண்டாட்டி ஓசியில் போகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதில் அண்ணாச்சிக்கு அவ்வளவு கவனம். மனைவி நிறுத்தத்தில் நிற்பது தூரத்தில் தெரியும்போதே டிக்கெட்டைக் கிழித்துத் தம் பையில் வைத்துக்கொள்வார். அன்றும் அப்படியே செய்தார். நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரே கும்பலாக ஏறினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் அம்மாவுக்குக் கண் இருட்ட, பின்வாங்கி, நிறுத்தத்தை ஒட்டிய பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாச்சி உள்ளே டிக்கெட்டை எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. ஆளைப் பார்க்கவில்லை, கிழித்த டிக்கெட்டை வைத்து, ஏறிவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

“ரெண்டு ஸ்டாப் தாண்டித்தான் சார் தெரிஞ்சுது. டிரைவர் நல்ல மனுசன். ‘ஓரமா நிப்பாட்டுதேன் வே, எதுக்க வாற வண்டியில போயிக் கூட்டிட்டு வாரும்’னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். அம்பது பேரு இருக்காவ, அவ அடுத்த வண்டியில வருவான்னேன். டியூட்டி பெருசாத் தெரிஞ்சுது.”

அம்மா அடுத்த வண்டியில் வந்தார்கள். வைத்தியரைப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். அந்த மாதமே ஒரு நாள் விடியும்போது அம்மா எழுந்திருக்கவில்லை. பேருந்தை விட்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனாலும் ஒரே கனவு வந்துகொண்டிருந்தது. கரிசல் காட்டு வழியே சத்தமே இல்லாமல் வண்டி போகிறது. உள்ளே ஒரு ஆள் இல்லை, பை நிறையக் கிழித்த டிக்கெட். பாலத்துச் சுவரில் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் விசில் ஊதி நிறுத்தப் பார்க்கிறார். ஊதினால் காற்றுத்தான் வருகிறது.

“சந்தேகம் இருந்தா நான் அந்தப் பக்கத்த எழுதிருப்பேன் சார்” என்றார். “சும்மா எழுத்துதானேன்னு எழுதிருப்பேன். எனக்குச் சந்தேகமே கெடையாது. அவ அங்கன நிப்பா. நின்னுக்கிட்டு, ‘என்னைய விட்டுட்டு வந்துட்டியளே’ன்னு கேப்பா. நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிக்க?”

எத்தனையோ பிள்ளைகளின் கேள்விக்கு ஏதோ ஒரு உதாரணம் சொல்லிச் சமாளித்தவன் நான். அன்று என்னிடம் உதாரணம் இல்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த செல்லக்கனிதான் கேட்டாள்.

“அக்கா அடுத்த வண்டியில வந்தாவள்லா? வந்து என்ன சொன்னாவ?”

“சிரிச்சா. ‘ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கிய, சொந்தப் பொண்டாட்டி ஏறுனாளான்னு பாக்கலியே’ன்னு சொல்லிச் சிரிச்சா.”

“பொறவு?”

அண்ணாச்சி யோசித்தார். “பொறவு என் சாப்பாட்டு வாளிய வாங்கிக் கழுவித் தந்தா.”

“அப்பம் அவுக கோவம் அன்னைக்கே தீந்து போச்சு அண்ணாச்சி. வண்டி எப்பமோ ஸ்டாண்டுக்கு வந்தாச்சு. நீங்கதான் எறங்க மாட்டேங்கிய.”

அவர் தலை நிமிர்ந்தார். அவள் நிறுத்தவில்லை. “எங்க வீட்டு ஆளும் அங்கனதான் நிப்பாரு. குடிச்சிட்டு வந்து என்னைய அடிச்ச மனுசன். அதையா போயிக் கேக்கப் போறேன்? மொதல்ல அந்த வேட்டிய ஒழுங்கா கட்டும்னு சொல்லுவேன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்; பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணாச்சியும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றபோது அவர் கண்ணும் நனைந்திருந்தது.

“அடுத்த வருசம் எழுதுதேன்” என்றார்.

“எழுதுனா என் பேருக்கு அனுப்புங்க. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கேக்கதுக்குப் பொறுமை இருந்தா அனுப்புங்க.”

அந்த ஒரு வருடம் அவர் எழுதினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பொங்கல் கழிந்து ஒருநாள், தாள் வாங்கியாயிற்று என்றார். சித்திரை வெயிலில் ஒருநாள், நாலு தாள் முடிந்தது என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உடம்பு மெலிந்துகொண்டு வந்தது. பகலிலேயே கண் அயர்ந்துவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவர் போல இருப்பார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது, அவர் மறைவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம். தபால் நிலைய வாசலில் தடித்த உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“அஞ்சு உண்டா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“கடுதாசி வரட்டும் சார்” என்றார். கம்பியில் தட்டுவது போலப் பெட்டியின் மேல் இரண்டு தட்டு தட்டிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை ஜெபராஜின் அழைப்பு வந்தது.

அடக்கம் அன்று மாலையே நடந்தது. போதகர் வந்திருந்தார். பழைய ஓட்டுநர்கள், நடத்துனர்கள் பலர் வந்திருந்தார்கள். காதர் பாய் கடையை மூடிவிட்டு வந்து, கல்லறைத் தோட்டத்து மதிலோரம் கடைசிவரை நின்றார். பெட்டியை மூடும் முன் ஜெபராஜ் அந்தப் பழைய டிக்கெட்டைத் தேடினான்; அப்பாவின் கையில் வைத்து அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வேதாகமத்தின் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். சட்டைப்பைகளைப் பார்த்தோம். கிடைக்கவில்லை. இத்தனை வருடம் பொடிந்துவிடாமல் காத்ததைக் கடைசி நாட்களின் மறதியில் எங்கோ தவறவிட்டுவிட்டாரே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உள்ளே இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதாமலே போய்விட்டாரோ?

சனிக்கிழமை பகலில் தபால்காரர் அந்த உறையைத் தறிக்கூடத்திலேயே செல்லக்கனியிடம் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சியின் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் ஓடிய தறியை நிறுத்திவிட்டாள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். உடைக்கவில்லை. வழக்கப்படி ஞாயிறு மூன்று மணிக்குக் கொண்டு வந்தாள்.

மாடியில் அன்று யாரும் கண்ணை மூடவில்லை. ஜெபராஜ் வந்திருந்தான். காதர் பாய் பிளாஸ்கோடு வாசலில் நின்றார்; உள்ளே வாருங்கள் என்றதும் வந்து கதவோரம், மாடசாமி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். செல்லக்கனி உறையைப் பிரித்து, வாசிக்கும் முன் தாள்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி ஒவ்வொன்றாகக் கோரைப்பாயில் பரப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஐந்து.

மற்றத் தாள்கள் ஒரே நீல மையில், ஒரே சீராக இருந்தன. ஐந்தாம் தாளில் மட்டும் எழுத்து பல நாள் எழுத்தாக இருந்தது. இரண்டு வரி நீலம், மூன்று வரி கறுப்பு, பிறகு பென்சில், மறுபடியும் நீலம். சில இடத்தில் பேனா நின்று மை ஊறியிருந்தது. ஆனால் ஒரு வரி விடவில்லை. அந்தத் தாளின் நடுவில், நூலால் இரண்டு தையல் போட்டு, அந்த டிக்கெட் இணைக்கப்பட்டிருந்தது.

செல்லக்கனி எழுந்து நின்று வாசித்தாள். முதல் நாலு தாளுக்கே நெடுநேரம் ஆயிற்று. எழுத்துக் கூட்டி, நின்று, திரும்பப் போய், மறுபடி கூட்டி. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஐந்தாம் தாளில் உறங்குகிறவர்கள் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் அதை உறங்கு, உறங்குகிற, உறங்குகிறவர்கள் என்று மூன்று எட்டில் தாண்டினாள். ஒரு தூங்கும் வீட்டுக்குள் அடிமேல் அடி வைத்துப் போகிறவளைப் போல இருந்தது. கீழே தறிகள் நின்றிருந்தன. பிச்சி வாசம் வந்தது. நாம் அவர்களை முந்திப் போவதில்லை என்ற வரியை அவள் முடித்தபோது, எங்கள் பதிமூன்று குடும்பமும் ஒரே வண்டியில் ஏதோ ஒரு நீண்ட மதியத்தின் வழியே போய்க்கொண்டிருப்பது போலவும், மாடசாமியும் எஸ்தர் அம்மாவும் அண்ணாச்சியும் முன் இருக்கைகளில் தலை சாய்த்துத் தூங்குவது போலவும் எனக்கு இருந்தது.

ஆறாம் தாளும் முடிந்தது. காதர் பாய் டீ ஊற்றினார். அப்போது ஜெபராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அக்கா, அந்த டிக்கெட்டத் தாங்க. அப்பா கல்லறையில கொண்டுபோயி வச்சிருதேன்.”

செல்லக்கனி தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். பிரிக்கவில்லை.

“வேண்டாம் தம்பி. இங்கனயே இருக்கட்டும். எறங்குன ஆளுக்கு எதுக்கு டிக்கெட்டு?”

அடுத்த ஆடி மாதம் கடிதம் எழுதுவது என் முறை என்று சபையில் சொல்லிவிட்டார்கள். என் கையெழுத்து கரும்பலகைக்கு ஏற்றது. தாளில் அவ்வளவு நன்றாக இராது. ஆனாலும் எழுதுவேன், வசன எண் போடாமல், ஒரு வரி விடாமல்.

காதர் பாய் அன்று கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. எழுதியவர் ஊர் பெயர் போடாவிட்டால் பதில் எங்கே போடுவது? எனக்கும் தெரியவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன். அண்ணாச்சி, கடிதம் கிடைத்தது. எண்ணிப் பார்த்தோம், ஆறு தாளும் சரியாக இருக்கின்றன. நீங்கள் தூங்குங்கள். இடம் வந்ததும் எழுப்புவார்கள்.